ஒய் இருக்கும் இடத்தில் இசட்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அண்ணாச்சி அவர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நான், இப்போது ஜெர்மனியின் ஆகன் நகரில் முதுநிலைப் பொறியியல் படிக்கிறேன். பள்ளி விடுமுறைகளில் அம்மாவின் கட்டாயத்தால் தட்டச்சு வகுப்புக்குப் போய் ஆங்கிலத்தில் லோயர், ஹையர் இரண்டும் தேறியவள் என்பதால், விசைகளைப் பார்க்காமல் அடிப்பதே எனக்குப் பழக்கம். ஊரிலிருந்து கொண்டுவந்த லேப்டாப் பழுதாகிவிட்டது. இங்கே கடைகளில் இருப்பவை எல்லாம் ஜெர்மன் கீபோர்டாக இருக்கின்றன. அதிலேயே பழகிக்கொள்ள வேண்டியதுதானா, அல்லது நம் ஊர்க் கீபோர்டோடு இங்கேயே வாங்க வழியுண்டா? நிரல் எழுதுவதுதான் என் முதன்மையான வேலை.
— வாசகி, ஆகன் (சொந்த ஊர் பாளையங்கோட்டை)

பதில்: வழி இருக்கிறது, ஒன்றுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றுள் எது உங்களுக்கு உகந்தது என்பது, விசைகளின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்தைவிட, விசைகளின் அளவையும் அவை அமைந்திருக்கும் இடத்தையும் பொறுத்தது. கடைக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது எழுத்து; விரலுக்குத் தட்டுப்படுவதோ வடிவம். முன்னதைச் செலவில்லாமல் மாற்றிவிடலாம், பின்னதை வாங்கிய பிறகு மாற்றுவது கடினம்.

எழுத்தை முதலில் முடித்துவிடுவோம். விசையை அழுத்தும்போது விசைப்பலகை கணினிக்கு அனுப்புவது எழுத்தை அன்று. இன்ன இடத்திலுள்ள விசை அழுத்தப்பட்டது என்பதைக் குறிக்கும் ஓர் எண்ணைத்தான். அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று முடிவு செய்வது விண்டோஸ், மேக், லினக்ஸ் போன்ற இயங்குதளம். ஆகையால் ஜெர்மன் எழுத்துகள் அச்சிட்ட பலகையிலும், அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய் ‘ஆங்கிலம் (இந்தியா)’ என்பதையோ ‘ஆங்கிலம் (அமெரிக்கா)’ என்பதையோ சேர்த்துவிட்டால், இசட் என்று எழுதியிருக்கும் விசை ஒய் என்றே அடிக்கும். பார்க்காமல் அடிக்கும் உங்களுக்கு மேலே என்ன எழுதியிருந்தால் என்ன? தட்டச்சுப் பள்ளியில் விசைகளைத் துணியால் மூடி அடிக்கச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அந்தப் பயிற்சிதான் இங்கே கைகொடுக்கும்.

ஜெர்மன் அமைப்பிலேயே விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நம் தட்டச்சுப் பள்ளியின் முதல் பாடத்தையே அடித்துப் பாருங்கள். ஏ, எஸ், டி, எஃப், ஜி, எஃப் என்று இடக்கை பிசகில்லாமல் போகும். செமிகோலன், எல், கே, ஜே, ஹெச், ஜே என்று வலக்கை தொடங்கும்போது முதல் அடியிலேயே செமிகோலனுக்குப் பதிலாக மேலே இரு புள்ளி வைத்த ‘ஓ’ வந்து நிற்கும். அதற்கு அடுத்த விசையில் புள்ளி வைத்த ‘ஏ’, அதற்கு மேல் வரிசையில் புள்ளி வைத்த ‘யூ’. ஜெர்மன் மொழியில் இசட் அடிக்கடி வரும், ஒய் அரிது. அதனால் ஒய்யை இடக்கைச் சிறுவிரலின் மூலைக்கு அனுப்பிவிட்டு இசட்டை நடுவே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது நியாயமான ஏற்பாடு. ஆனால் நிரல் எழுதுபவருக்குத் தலைவலி வேறிடத்தில் இருக்கிறது. விண்டோசின் ஜெர்மன் அமைப்பில் நெளிவு அடைப்புக்குறிகளுக்கு வலப்புற ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு 7, 0 ஆகியவற்றையும், சதுர அடைப்புக்குறிகளுக்கு அதே விசையோடு 8, 9 ஆகியவற்றையும் அடிக்க வேண்டும். @ குறி க்யூ விசையில் ஏறியிருக்கும். முன்சாய்வுக் கோட்டுக்கு ஷிப்டும் 7-உம். ஒரு நாளில் சில நூறு முறை அடைப்புக்குறி போடுபவருக்கு இது கட்டைவிரலையும் மணிக்கட்டையும் வீணாக முறுக்கும் வேலை. ஜெர்மனியிலேயே நிரலாளர் பலர் அமெரிக்க அமைப்பில் அடிப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி வடிவத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியின் உயிர்நாடி இங்கேதான். நெல்லையில் விற்கும் மடிக்கணினிகள் பெரும்பாலும் அமெரிக்க வடிவம் கொண்டவை. அதில் எண்டர் விசை ஒரே வரிசையில் நீளமாகப் படுத்திருக்கும். இடப்புற ஷிப்டும் அகலமாக இருக்கும். ஐரோப்பிய வடிவத்தில் எண்டர் இரண்டு வரிசை உயரத்துக்கு நின்றிருக்கும், ஆனால் ஒடுங்கியிருக்கும்; இடப்புற ஷிப்டைப் பாதியாக வெட்டி, அந்த இடத்தில் கூடுதலாக ஒரு விசையைச் செருகியிருப்பார்கள். முழு அளவுப் பலகையில் முன்னதற்கு 104 விசைகள், பின்னதற்கு 105. இந்த ஒரு விசைக் கணக்கு அற்பமாகத் தோன்றலாம். நீங்கள் அமெரிக்க அமைப்பைப் போட்டுக்கொண்டு ஐரோப்பிய வடிவத்தில் பெரிய ‘என்’ அடிக்க முயலும்போது, இடக்கைச் சிறுவிரல் பழக்கதோஷத்தால் ஷிப்டின் வலது ஓரத்தைத் தேடிப்போய் அந்தக் கூடுதல் விசையில் விழும். திரையில் ஒரு பின்சாய்வுக் கோடும் சின்ன ‘என்’னும் வரும். நிரல் மொழிகள் பலவற்றில் அவ்விரண்டும் சேர்ந்தால் புது வரி என்று பொருள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வலக்கைப் பக்கத்திலும் இதே கதை: எண்டரை நோக்கிப் போகும் சிறுவிரல், இடையில் முளைத்திருக்கும் விசையை அழுத்தி இன்னொரு பின்சாய்வுக் கோட்டைப் போடும். எழுத்தை மாற்றுவதுபோல் இதை அமைப்புகளில் முழுவதும் சரிசெய்ய இயலாது. விரலைத்தான் பழக்க வேண்டும்.

எனவே என் பரிந்துரை, அமெரிக்க வடிவப் பலகையோடு கூடிய மடிக்கணினியை ஐரோப்பாவுக்குள்ளேயே வாங்குங்கள் என்பது. ஆப்பிள் நிறுவனத்தின் இணையக் கடையில் மேக்புக் வாங்கும்போது விசைப்பலகையின் மொழியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அங்கே ஆங்கிலம் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்டவை இருப்பதைக் கவனியுங்கள்: ‘சர்வதேச ஆங்கிலம்’, ‘பிரிட்டன் ஆங்கிலம்’ இரண்டும் உயரமான எண்டர் கொண்ட ஐரோப்பிய வடிவம், ‘அமெரிக்க ஆங்கிலம்’ என்பதே நீங்கள் தேடுவது. லெனோவோவின் திங்க்பேட் வகைகளைத் தேவைக்கேற்பப் பொருத்தித் தரச் சொல்லி வாங்கும்போதும் பல மாதிரிகளில் விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். யூரோ குறியோடு கூடிய அமெரிக்க ஆங்கிலம் என்று அது பட்டியலில் இருக்கும். ஃப்ரேம்வொர்க் என்னும் நிறுவனத்தின் மடிக்கணினிகளில் விசைப்பலகையைத் தனியாக வாங்கித் திருகாணிகளைக் கழற்றி நாமே மாற்றிக்கொள்ளலாம். இவை எல்லாவற்றிலும், கடையில் உடனே கைக்குக் கிடைப்பதைப் போலன்றி, சில நாள்களோ வாரங்களோ காத்திருக்க நேரும். தேர்வுக்கு முந்தின வாரம் வாங்கக் கிளம்பாதீர்கள்.

மூன்றாவது வழி பலருக்குத் தோன்றாதது: ஆகன் நகரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் நெதர்லாந்து இருக்கிறது. அந்நாட்டில் சாதாரணக் கடைகளில் விற்கும் மடிக்கணினிகளே பெரும்பாலும் அமெரிக்க அமைப்புடன் வருகின்றன. பேருந்தில் எல்லை தாண்டிப் போய், விசைகளைத் தொட்டுப் பார்த்து வாங்கிவரலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுங்கச் சோதனை கிடையாது. விற்றவர் இரண்டு ஆண்டுகளுக்குப் பொருளின் குறைபாட்டுக்குப் பொறுப்பு என்னும் சட்டப் பாதுகாப்பும் அங்கே உண்டு. ஆனால் பழுதென்றால் அந்தக் கடைக்கே திரும்பப் போகவேண்டியிருக்கும் என்பதை மனத்தில் வையுங்கள். அதே பேருந்து வேறொரு பக்கமாகப் பெல்ஜியத்துக்கும் போகும். அங்கே போய்விடாதீர்கள், அங்கே இருப்பது வேறு வகை, அதைப் பற்றிக் கீழே அம்பாசமுத்திரம் வாசகருக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஜெர்மன் மொழியிலும் கடிதம், விண்ணப்பம் எழுத வேண்டியிருக்குமே என்று நீங்கள் நினைக்கலாம். விண்டோசில் ‘அமெரிக்கா – சர்வதேசம்’ என்ற அமைப்பைச் சேர்த்துக்கொண்டால், வலப்புற ஆல்ட் விசையுடன் க்யூ அடித்தால் புள்ளி வைத்த ஏ, பி (P) அடித்தால் புள்ளி வைத்த ஓ, ஒய் அடித்தால் புள்ளி வைத்த யூ, எஸ் அடித்தால் அவர்களுடைய கூர்மையான எஸ் (ß) என்று நான்கும் வந்துவிடும். இதில் ஒரு சங்கடம், மேற்கோள் குறி உடனே விழாது; அடுத்து உயிரெழுத்து வந்தால் அதன் தலையில் ஏறிக்கொள்ளும். நிரல் எழுதும்போது இது எரிச்சலூட்டும். ஆகவே அதைக் கடிதத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, வேலைக்கு இந்திய ஆங்கிலத்தை வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம்.

இணையத்தில் வாங்கினால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 14 நாள்களுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் வாங்குபவரின் விருப்பப்படி தனியாகச் செய்த பொருள்களுக்கு அந்த உரிமை பொருந்தாது. விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்ததையே தனிச் செய்பொருள் என்று விற்பவர் வாதிடக்கூடும் என்பதால், பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள். பழைய பொருள் விற்கும் தளங்களில் படம் பார்த்து வாங்குவதானால், விற்பவர் எழுதியிருக்கும் வருணனையை நம்பாமல் படத்தில் எண்டர் விசையைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் மியூனிக்கில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நெல்லையிலேயே புது லேப்டாப் வாங்கிக் கொடுத்து அனுப்பலாம் என்று நினைக்கிறேன். அவனுக்கும் நம் ஊர் கீபோர்டுதான் வசதி என்கிறான். இதில் ஏதும் சிக்கல் உண்டா? வரமுடியாவிட்டால் கூரியரில் அனுப்பலாமா?
— வாசகர், வள்ளியூர்

பதில்: உங்கள் ஆசை நியாயமானது, கணக்குதான் ஒத்துவராது. நெல்லைக் கடையில் வாங்கும்போது விலையோடு 18 விழுக்காடு ஜிஎஸ்டி கட்டுவீர்கள். ஜெர்மனியில் குடியிருப்பவர் வெளிநாட்டில் வாங்கிய புதுப் பொருளோடு விமானத்தில் திரும்பும்போது, 430 யூரோ மதிப்பு வரைதான் வரியின்றிக் கொண்டுபோகலாம். அதைத் தாண்டிய பொருளைச் சுங்க அதிகாரியிடம் தாமாகச் சொல்ல வேண்டும். மடிக்கணினிக்குச் சுங்கத் தீர்வை இல்லாவிட்டாலும், அங்கே 19 விழுக்காடு இறக்குமதி விற்பனை வரி உண்டு. அதுவும் 430-க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டுமன்று, பொருளின் முழு மதிப்புக்கும். ஆக ஒரே பொருளுக்கு இரண்டு அரசாங்கத்துக்கும் வரி. சொல்லாமல் போய்விடலாம் என்று விமான நிலையத்தில் யோசனை சொல்ல ஆள் இருப்பார்கள். பிடிபட்டால் அபராதம் கட்டுவது உங்கள் மகன்தான், யோசனை சொன்னவர் அன்று.

உத்தரவாதமும் பார்க்க வேண்டும். சில நிறுவனங்களின் உத்தரவாதம் எந்த நாட்டிலும் செல்லும், சிலவற்றின் உத்தரவாதம் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். ஒரே நிறுவனத்திலேயே மாதிரிக்கு மாதிரி வேறுபடுவதும் உண்டு. கடைக்காரர் ‘எங்கேயும் பார்த்துக்கொடுப்பார்கள் சார்’ என்று வாயால் சொல்வதை விட்டுவிட்டு, உத்தரவாத அட்டையில் என்ன அச்சாகியிருக்கிறது என்று படியுங்கள்.

மின்சாரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஜெர்மனியிலும் நம்மைப்போலவே 230 வோல்ட். மடிக்கணினியின் சார்ஜர்களோ பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாங்குபவை. நம் மூன்று முள் ப்ளக் மட்டும் அங்கே சுவரில் நுழையாது. அதற்காகச் சார்ஜரையே மாற்ற வேண்டியதில்லை: சார்ஜர் பெட்டியின் பின்னால் மூன்று இலை சேர்ந்தாற்போன்ற துளையில் ஒரு கம்பி செருகியிருக்கும் அல்லவா, அந்தக் கம்பியை மட்டும் அங்கே வாங்கிக்கொண்டால் போதும்.

கூரியர் வேண்டவே வேண்டாம். லித்தியம் பேட்டரி இருப்பதால் அதற்கென்று தனி விதிகள், தனிக் கட்டுதல். போய்ச் சேர்ந்த பிறகு அங்கே மறுபடி வரி. மகன் ஏற்கெனவே பயன்படுத்திவரும் பழைய கணினியைத் திரும்ப எடுத்துப் போவதில் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. புதிது வேண்டுமானால் அவர் அங்கேயே வாங்கட்டும்; மேலே ஆகன் வாசகிக்குச் சொன்னவை அவருக்கும் பொருந்தும். உங்கள் கையால் கொடுத்தனுப்ப வேண்டும் என்று மனம் கேட்காவிட்டால், நெல்லையில் ஒரு நல்ல யுஎஸ்பி விசைப்பலகையை வாங்கிக் கொடுங்கள். அதன் விலை 430 யூரோவின் பக்கத்தில்கூடப் போகாது.

கேள்வி: நியூ ஜெர்சியிலிருந்து அக்காவும் அத்தானும் அடுத்த மாதம் தென்காசிக்கு வருகிறார்கள். எனக்கு ஒரு லேப்டாப் வாங்கிவரச் சொல்லியிருக்கிறேன். அமெரிக்க கீபோர்டு எனக்குச் சரிவருமா? ரூபாய்க் குறி இருக்காதாமே?
— வாசகர், தென்காசி

பதில்: சரிவரும். நாம் நம் ஊர்ப் பலகை என்று சொல்லிக்கொண்டிருப்பதே அமெரிக்க அமைப்புதான். ரூபாய்க் குறியை அரசு ஏற்றுக்கொண்டது 2010 ஜூலை 15-இல். அதன்பின் இந்தியாவில் விற்கும் பலகைகள் பலவற்றில் 4 விசையின் ஓரத்தில் அதைச் சின்னதாக அச்சிடுகிறார்கள். அமெரிக்காவில் வாங்கியதில் அந்த அச்சு இராது, அவ்வளவுதான். விண்டோசில் ‘ஆங்கிலம் (இந்தியா)’ அமைப்பைப் போட்டு வலப்புற ஆல்ட் விசையோடு 4 அடித்தால் ₹ வரும். 18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு மடிக்கணினியைச் சுங்க வரியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவரலாம். அக்காவும் அத்தானும் தங்கள் சொந்தக் கணினிகளை ஆளுக்கொன்று வைத்திருந்தால் உங்களுடையது மூன்றாவதாகிவிடும் என்பதை இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மச்சான் ஷார்ஜாவில் கடை வைத்திருக்கிறார். அங்கே வாங்கும் லேப்டாப்பில் அரபி எழுத்து இருக்குமாமே, நாம் ஆங்கிலம் அடிக்க முடியுமா?
— வாசகர், மேலப்பாளையம்

பதில்: தாராளமாக அடிக்கலாம். வளைகுடா நாடுகளில் ஆங்கில எழுத்து தன் இடத்திலேயே இருக்கும். அதன் பக்கத்தில் அரபி எழுத்தையும் சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். ஆங்கிலம் மட்டும் அச்சிட்டவையும் அங்கே கிடைக்கின்றன. அரபி எழுத்துள்ள மாதிரிகள் சிலவற்றில் எண்டரும் ஷிப்டும் மேலே சொன்ன ஐரோப்பிய வடிவத்தில் இருக்கலாம் என்பதால், விசைப்பலகையைப் படம் எடுத்து வாட்ஸாப்பில் அனுப்பும்படி மச்சானிடம் சொல்லுங்கள். ஆல்ட், ஷிப்ட் இரண்டும் தவறிச் சேர்ந்து அழுந்தினால் எழுத்து திடீரென்று வலமிருந்து இடமாக ஓடத் தொடங்கும். கணினி கெட்டுவிட்டது என்று பதறாமல் அதே இரண்டையும் மறுபடி அழுத்தினால் ஆங்கிலம் திரும்பிவிடும். அரபி தேவையே இல்லையென்றால் மொழிப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். தமிழ் 99 முறையில் கட்டுரைகள் அடித்துவருகிறேன். மகள் பிரான்சில் லியோன் நகரில் இருக்கிறாள். ஆறு மாதம் அங்கே தங்கப் போகிறேன். அங்குள்ள கணினியில் எழுத்துகள் எல்லாம் இடம் மாறியிருக்கும் என்று மகள் சொல்கிறாள். தமிழ் அடிக்க முடியுமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஐயா, பிரான்சிலும் பெல்ஜியத்திலும் விற்கும் பலகையில், நம் க்யூ இருக்கும் இடத்தில் ஏ, நம் ஏ இருக்கும் இடத்தில் க்யூ, டபிள்யூவும் இசட்டும் அதேபோல் இடம் மாறியவை, எம் கீழ் வரிசையிலிருந்து ஏறி எல்லுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கும். முற்றுப்புள்ளி வைக்கவும் எண் அடிக்கவும் ஷிப்ட் வேண்டும். ஆங்கிலம் அடிப்பவர் இதில் திணறிப்போவார். தமிழ் 99 அடிக்கும் தங்களுக்கு அந்தத் திணறல் இராது என்பதுதான் வேடிக்கை.

1999-இல் சென்னையில் நடந்த இணைய மாநாட்டையொட்டி உருவான தமிழ் 99, உயிரெழுத்துகளை இடக்கைக்கும் மெய்யெழுத்துகளைப் பெரும்பாலும் வலக்கைக்கும் பிரித்துக் கொடுப்பது. விண்டோசின் புதிய பதிப்புகளிலும் மேக்கிலும் அது உள்ளேயே இருக்கிறது. விண்டோசில் அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், விசையின் இடத்தை வைத்தே எழுத்து வரும். ‘அம்மா’ என்று அடிக்க அம்பாசமுத்திரத்தில் தங்கள் விரல் தொடுவது ஏ, கே, கே, க்யூ ஆகிய விசைகளை; லியோனில் அதே விரல் அதே இடங்களைத் தொடும், ஆனால் அங்கே அவற்றின் மேல் க்யூ, கே, கே, ஏ என்று எழுதியிருக்கும். ந அடிக்கும் செமிகோலன் விசையில் எம் என்று இருக்கும். குனிந்து பார்த்தால்தான் குழப்பம். நிமிர்ந்து திரையைப் பார்த்தபடி அடித்தால் எல்லாம் பழையபடியே.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு மென்பொருள்களில் சில, இடத்தைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்து வேலை செய்பவை. தனியாக நிறுவிய தமிழ் 99 மென்பொருள்களிலும் அப்படி அமைந்தவை உண்டு. ஆகவே போய் இறங்கியதும் நோட்பேடைத் திறந்து, கட்டுரையைத் தொடங்குமுன் உயிரெழுத்து பன்னிரண்டையும் ஒரு முறை அடித்துப் பாருங்கள். ‘அ’ வரவேண்டிய இடத்தில் ‘ஆ’ வந்தால் மென்பொருள் எழுத்தைப் பார்க்கும் வகை. அப்போது இயங்குதளத்திலேயே உள்ள தமிழ் 99-க்கு மாறிக்கொள்ளலாம்.

விசையைப் பார்த்து அடிப்பது தங்கள் வழக்கமானால், இப்போது வீட்டில் பயன்படுத்தும் விசைப்பலகையையே பெட்டியில் வைத்துக்கொண்டு போய் மகளின் கணினியில் யுஎஸ்பி வழியாகச் செருகிக்கொள்வது நல்லது. எடை மிகக் குறைவு. எழுத்தின் மேல் ஒட்டும் ஒட்டிகளும் கடைகளில் கிடைக்கின்றன. மகளின் கணினியில் அவற்றை ஒட்டுவது முறையன்று, அவள் அலுவலக வேலைக்கு அது வேண்டும். புதுப் பலகையைச் செருகினாலும் அது எந்த நாட்டுப் பலகை என்று விண்டோஸ் தானாகக் கண்டுகொள்ளாது. ‘ஆங்கிலம் (இந்தியா)’ அமைப்பையும் தமிழ் 99-ஐயும் மொழிப் பட்டியலில் சேர்த்துத் தரும்படி மகளிடம் சொல்லுங்கள். சேர்த்த பிறகு, தேவையில்லை என்று பிரெஞ்சை அங்கிருந்து நீக்கிவிட வேண்டாம். கணினியைத் திறக்கும்போது கடவுச்சொல் கேட்கும் திரையில் பிரெஞ்சு அமைப்பு இல்லாமல் போனால், மகள் பழக்கப்படி அடிக்கும் சொல் வேறாக விழுந்து, காலையில் அவளால் தன் கணினிக்குள்ளேயே நுழைய முடியாமல் போய்விடும்.